அடுப்பே பற்றவைக்காமல் 14 பவுண்டா? பிளவ்மேன்ஸ் லஞ்ச் பற்றி

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். அப்பா அம்மாவைச் சாமர்செட் பக்கம் கூட்டிப்போயிருக்கிறீர்கள். ஒரு பழைய தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே இருந்த டீ ரூமில் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து, ‘டிரெடிஷனல் பிளவ்மேன்ஸ் லஞ்ச்’ (மரபான உழவர் மதியச் சாப்பாடு) என்று பலகையில் எழுதியிருந்ததை நம்பி மூன்று சொல்லியிருக்கிறீர்கள். வந்தது ஒரு மரத்தட்டு. அதில் ரொட்டி, வெண்ணெய், இரண்டு கட்டி சீஸ், ஆறிப்போன ஹாம், பாதி ஆப்பிள், கொஞ்சம் இலைதழை, கறுப்பாக ஒரு ஊறுகாய், முழுசாக ஒரு வெங்காயம். அப்பா “அடுப்பே பத்த வைக்கலையே, இதுக்கா 14 பவுண்டு?” என்று கேட்டுவிட்டார். இங்கிலாந்து உழவர்கள் நிஜமாகவே இதைச் சாப்பிட்டார்களா, இதை எப்படித்தான் சாப்பிடுவது என்று இரண்டு கேள்வி போட்டிருக்கிறீர்கள். ஆனால் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது: நாங்கள் ஏமாந்துவிட்டோமா?

டோர்செட்டில் ஒரு தோட்டத்து டீ ரூமின் சமையலறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஆகஸ்டில் வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் நாற்பது தட்டு இதே லஞ்ச்தான் அடுக்குவோம். அந்த ‘டிரெடிஷனல்’ என்ற வார்த்தையைக் கரும்பலகையில் காலை தோறும் சாக்பீஸால் எழுதியது என் கைதான், அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் உண்டு. நான் வரலாறு படித்த ஆள் இல்லை, எனக்குத் தெரிந்தது தென்மேற்கு இங்கிலாந்தின் பழக்கம்தான். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் சாப்பாடு பழசு, பெயர் புதுசு. அந்தப் பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனவர்கள் சீஸ் விற்கிறவர்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ரொட்டி, சீஸ், வெங்காயம், கூடக் கொஞ்சம் பியர் அல்லது சைடர், இதைத் துணியில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போன கூலியாட்கள் இங்கிலாந்தில் பல தலைமுறைகளாக இருந்தார்கள். ஆனால் அதை அவர்கள் ‘லஞ்ச்’ என்று சொல்லவில்லை. வடக்கே ‘பெய்ட்’, தெற்கே சில இடங்களில் ‘நன்ச்சன்’, ‘நம்மெட்’, கிழக்கே ஃபென் சதுப்பு நிலப் பக்கம் ‘டாக்கி’, இப்படி ஊருக்கு ஒரு பெயர். அந்த உழைப்புக்கு அது எவ்வளவு சின்னச் சாப்பாடு என்று புரிய ஒரு கணக்கு சொல்கிறேன். இரண்டு குதிரை கட்டிய ஒற்றைக் கலப்பையில், ஒன்பது அங்குல அகலத்துக்குச் சால் ஓட்டி ஒரு ஏக்கர் உழ வேண்டுமென்றால் உழவன் நடக்க வேண்டிய தூரம் 11 மைல், கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். ஓரத்தில் திரும்புகிற நடை இதில் சேர்த்தி இல்லை. ஒரு நாளைக்கு ஒரு ஏக்கர் என்பதுதான் வழக்கமான கணக்கு. நடுவில் வேலியோரம் உட்கார்ந்து, மடக்குக் கத்தியால் ரொட்டியையும் சீஸையும் வெட்டி வெட்டிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏரைப் பிடிக்க வேண்டும்.

அந்த சீஸும் உங்கள் தட்டில் வந்த சீஸ் இல்லை. வெண்ணெய்க்கு ஊரில் நல்ல விலை கிடைத்ததால், பாலில் ஆடையை எடுத்துவிட்டு மிச்சத்தில் செய்த சீஸ்தான் ஏழைகளுக்குப் பல இடங்களில் வாய்த்தது. சஃபோக் சீஸ் என்று ஒன்று இருந்தது, கல் மாதிரி. 1661லேயே லண்டனில் அரசு அதிகாரியாக இருந்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், வீட்டு வேலையாட்கள் சஃபோக் சீஸைச் சாப்பிட முணுமுணுக்கிறார்கள் என்று எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். வேலைக்காரர்களே வேண்டாமென்ற பொருள் அது. எனவே, அந்தக் காலத்து உழவன் உங்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு அந்தத் தட்டு கல்யாணச் சாப்பாடாகத் தெரிந்திருக்கும்.

இப்போது பெயர். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 மே மாதம் சீஸ் ரேஷனுக்குப் போனது. ஒரு ஆளுக்கு வாரத்துக்குப் பெரும்பாலும் 2 அவுன்ஸ், அதாவது ஐம்பத்தேழு கிராம், மோசமான கட்டத்தில் அதிலும் பாதி. பண்ணைக் கூலிகளுக்கு மட்டும் கூடுதலாகக் கொடுத்தார்கள், ஏனென்றால் ஆலைத் தொழிலாளிக்கு இருந்த கேன்டீன் வயலில் இருப்பவனுக்குக் கிடையாது. சீஸுக்குப் போகிற பாலைப் பெரும்பாலும் ஒரே மாதிரி ஒரு சீஸாக்கும்படி அரசு சொல்லிவிட்டது, ‘கவர்ன்மென்ட் செடார்’ என்றே அதற்குப் பெயர். ஊர் ஊருக்கு இருந்த வகைகள் பல அதில் அழிந்தன. 1954இல்தான் சீஸ் ரேஷன் முடிந்தது. அதற்குள் ஒரு தலைமுறைக்குச் சீஸ் சாப்பிடுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. அதை மீட்க ‘சீஸ் பியூரோ’ என்று ஒரு அமைப்பு (நம் வீட்டு பீரோ இல்லை, விளம்பர அலுவலகம்) இறங்கி வேலை செய்தது. பியர் தயாரிப்பாளர் சங்கத்தின் 1956ஆம் ஆண்டு இதழ் ஒன்று, பப்புகளில் ரொட்டி, பியர், சீஸ், ஊறுகாய் என்ற கூட்டணியை ரேஷன் பிரித்துவிட்டது, பியூரோ அவர்களுக்கு மறுமணம் செய்துவைக்கப் பார்க்கிறது என்கிற மாதிரி எழுதியது. அடுத்த வருடமே அதே சங்க இதழில் ‘பிளவ்மேன்ஸ் லஞ்ச்’ என்ற பெயர் வருகிறது. 1960களில் மில்க் மார்க்கெட்டிங் போர்டு என்ற பால் விற்பனை வாரியம் பணம் செலவழித்து அதை நாடு முழுக்க ஓட்டியது.

இதில் எனக்குச் சிரிப்பு வருகிற இடம் ஒன்று உண்டு. அந்தப் பத்தாண்டுகளில்தான் டிராக்டர் வந்து குதிரையை வயலைவிட்டு வெளியேற்றிக்கொண்டிருந்தது. உழவன் ஏரை மூலையில் சாத்திவிட்டுப் போன பிறகு அவன் பெயரில் சாப்பாடு வந்தது!

விளம்பரம் என்பதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. அது ஏன் பிடித்தது என்றால், அன்றைய பப்புகளில் பலவற்றுக்குச் சமையலறை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சமையல்காரர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், சீஸ் கெடாது, ஊறுகாய் கெடாது, ரொட்டி மட்டும் தினம் வாங்கினால் போதும். சாப்பிட்டவனுக்கு உப்பினால் தாகம் எடுத்து இன்னொரு கிளாஸ் பியரும் ஓடும். கடைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அப்பா சொன்ன ‘அடுப்பே பற்றவைக்கவில்லை’ என்பதுதான் இந்தச் சாப்பாடு பிழைத்ததற்கே காரணம்.

சந்தேகமான பகுதி எது என்றால், மெனு கார்டுகளில் வருகிற ‘பல நூற்றாண்டுகளாக’ என்ற வாக்கியம். 1837இல் வந்த, எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் வாழ்க்கை வரலாற்றில் ‘உழவனின் லஞ்சன்’ என்று ஒரு இடத்தில் வருகிறது, அதைப் பிடித்துக்கொண்டு பெயரும் பழசுதான் என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துவரவில்லை. அங்கே அவசரத்துக்குச் செய்த ஒரு சாண்ட்விச்சைப் பார்த்து, உழவன் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கும் கரும்பலகையில் எழுதி விற்கிற இந்தத் தட்டுக்கும் நடுவில் நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அதே போல ஹாம், போர்க் பை, வேகவைத்த முட்டை, இலைதழை எல்லாம் பிறகு ஏறிக்கொண்டவை. அவை இருப்பதால் தட்டு ‘கலப்படம்’ ஆகிவிடாது, அவை இல்லாவிட்டால் ‘அசல்’ என்றும் கிடையாது. சீஸ், ரொட்டி, ஊறுகாய், வெங்காயம், இந்த நான்கில் ஒன்று குறைந்தால்தான் சண்டை போடலாம்.

அந்தக் கறுப்பு ஊறுகாய் பற்றித் தனியாக எழுதியிருந்தீர்கள், அம்மா “வெல்லப்பாகில் போட்ட காய்கறி மாதிரி இருக்கு” என்றார்களாமே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் அது பிரான்ஸ்டன் அல்லது அதைப் பார்த்துச் செய்த ஏதோ ஒன்று. ஸ்டாஃபோர்ட்ஷையரில் பிரான்ஸ்டன் என்ற ஊரில் 1922இல் ஆரம்பித்தது. ஸ்வீடு (swede) என்கிற மஞ்சள் கிழங்கு, கேரட், காலிஃப்ளவர், வெங்காயம் எல்லாம் பொடிப்பொடியாக வெட்டி, வினிகர், சர்க்கரை, பேரீச்சம்பழம் சேர்ந்த புளிப்பு இனிப்புச் சாற்றில் கிடக்கும். 2004இல், அப்போது அதைச் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது நாடே பதறியது, அவ்வளவு பற்று. சில தட்டுகளில் மஞ்சளாகக் கடுகு வாசனையோடு வருவது பிக்கலில்லி. அது நம்மிடமிருந்து போனதுதான். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் புத்தகத்திலேயே ‘பாக்கோ லில்லா அல்லது இந்தியன் பிக்கிள்’ என்று போட்டிருக்கிறார்கள், மஞ்சளும் கடுகும் சாட்சி. நல்லெண்ணெயும் மிளகாயும் கூடப் போகவில்லை, அந்த இடத்தில் வினிகர் வந்து உட்கார்ந்துவிட்டது. ‘சட்னி’ என்று எழுதியிருந்தாலும் தேங்காயை எதிர்பார்க்காதீர்கள், அங்கே சட்னி என்றால் ஆப்பிளையோ பிளம்ஸையோ சர்க்கரையும் வினிகரும் போட்டு மணிக்கணக்காகச் சுண்டவைத்து பாட்டிலில் அடைத்த தொக்கு.

சரி, எப்படிச் சாப்பிடுவது. நீங்கள் எல்லாவற்றையும் ரொட்டிக்குள் அடுக்கி சாண்ட்விச் ஆக்கப் பார்த்தீர்கள், அது பிதுங்கி வழிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். இது வாய்க்கு வாய் கட்டுகிற சாப்பாடு. ரொட்டியைக் கையால் பிய்த்து, அந்தத் துண்டுக்கு மட்டும் வெண்ணெய் தடவி, மேலே விரல் அகலத்துக்கு ஒரு துண்டு சீஸ், அதன்மேல் கத்தி நுனியில் ஊறுகாய். ஒரே வாய். அடுத்த வாய்க்கு ஊறுகாய் வேண்டாம், ஆப்பிள் ஒரு கடி. அதற்கடுத்தது வெங்காயம். இப்படி மாற்றி மாற்றிப் போனால்தான் சீஸின் கொழுப்பு நாக்கில் படியாமல் கடைசி வரை சுவை தெரியும். கையால் சாப்பிடுவதை யாரும் தப்பாகப் பார்க்க மாட்டார்கள். இரண்டு சீஸ் இருந்தால் செடாரை முதலில் முடியுங்கள், நீலம் ஓடிய ஸ்டில்டனைக் கடைசிக்கு வையுங்கள், அதைத் தொட்ட பிறகு வேறு எதுவும் ருசிக்காது. நன்கு முதிர்ந்த செடாரைக் கடிக்கும்போது நறநற என்று ஏதோ தட்டுப்பட்டால் மண் என்றோ உப்பு என்றோ பயப்பட வேண்டாம், முதிர முதிர உள்ளே உருவாகும் படிகங்கள் அவை. நல்ல சீஸ் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வெங்காயத்தில் மட்டும் ஜாக்கிரதை. வினிகரில் மாதக்கணக்கில் ஊறிய வெங்காயம், வெளியே வழுக்கும், உள்ளே இன்னும் கெட்டி. முள்கரண்டியால் குத்தினால் பறக்கும். என் கண்ணெதிரிலேயே ஒரு வெங்காயம் பறந்து பக்கத்து மேசைக்காரம்மாவின் தேநீர்க் கோப்பைக்குள் விழுந்தது. கத்தியால் மெதுவாக இரண்டாக வெட்டி, வெட்டுப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு அப்புறம் நறுக்குங்கள்.

அப்பாவின் சீஸ் ‘மெழுகு மாதிரி’ இருந்தது என்றீர்கள். அதற்குச் சீஸ் காரணமாக இருக்க வேண்டியதில்லை, குளிர் காரணமாக இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த செடாரை வெட்டி அனுப்பினேன். வயசான ஒருவர், பண்ணைக்காரர் என்று பிறகு தெரிந்தது, தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. சீஸ் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, அப்படியே பிடித்துக்கொள் என்றார். இரண்டு நிமிஷம் கழித்து, இப்போது முகர்ந்து பார் என்றார். அதுவரை ஒன்றுமே இல்லாத கட்டியிலிருந்து கொட்டை வறுத்த மாதிரி ஒரு வாசனை வந்தது. அதற்கப்புறம், மதியக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் சீஸை வெளியே எடுத்து மூடி வைப்பது என் பொறுப்பு. இங்கிலாந்தில் கிருமி எளிதில் வளரக்கூடிய பண்டங்களை 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று சட்டம், பரிமாற ஒரே ஒரு தடவை நான்கு மணி நேரம் வரை வெளியே வைக்க விலக்கு உண்டு. பல கடைகள் அந்த விலக்கைப் பயன்படுத்துவதே இல்லை, பயம். உங்களுக்கு அப்படிச் சில்லென்று வந்தால் முதலில் சூப்போ தேநீரோ சொல்லிவிட்டுச் சீஸைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டுவிடுங்கள்.

விலைக்கு வருகிறேன். கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால், ஆறிய சாப்பாடானாலும் 20 சதவீதம் வாட் வரி. கடை வாட் பதிவு செய்ததாக இருந்தால் உங்கள் 14 பவுண்டில் 2 பவுண்டு 33 பென்ஸ் அரசுக்கு. அதே ரொட்டியையும் சீஸையும் பொட்டலமாக எடுத்துக்கொண்டு போனால் அந்த வரி கிடையாது. மிச்சத்தில் பெரிய செலவு ஆள்கூலி, அடுத்தது சீஸ். அப்புறம் மரத்தடி. வாடகை என்று பில்லில் போட மாட்டார்கள், ஆனால் நீங்கள் கொடுத்ததில் அதுவும் உண்டு. அது ஒன்றும் போலி மரபு இல்லை. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் கிரான்செஸ்டரில் ஆர்ச்சர்ட் என்ற பழத்தோட்டத்தில், 1897இல் மாணவர்கள் சிலர் வீட்டு முன் புல்வெளியில் இல்லாமல் பூத்த மரத்தடியிலேயே தேநீர் கொடுங்களேன் என்று கேட்டு ஆரம்பித்த பழக்கம் இன்றும் ஓடுகிறது. ஆக உங்கள் மதியத்தில் பெயரைவிட இடத்துக்குத்தான் வயசு அதிகம். பப்பில் பியரோடு பிறந்த தட்டு டீ ரூமுக்கு வந்தபோது பால் விட்ட கடுந்தேநீரோடு சேர்ந்துகொண்டது. பியர் குடிக்கிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் செடாருக்கு அந்தத் துவர்ப்பு நன்றாகவே ஒத்துப்போகும் என்பது என் கட்சி. ஒன்று மட்டும், அங்கே ‘சைடர்’ என்பது ஆப்பிள் ஜூஸ் இல்லை, சாராயச் சத்து உள்ளது. அம்மாவுக்குத் தெரியாமல் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காதது, ஆனால் பெற்றோரோடு போகும்போது தெரிந்திருக்க வேண்டியது. ஹாம் என்றால் பன்றி. போர்க் பையில் மாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்கும், உள்ளே உறைந்திருக்கும் ஜெல்லியும் பன்றி எலும்பிலிருந்து வந்தது. ‘சீஸ் பிளவ்மேன்ஸ்’ என்று கேட்டால் அவை இல்லாமல் வரும். முழுச் சைவம் என்றால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும், பாலைத் திரிக்க எந்த ரென்னெட் என்று. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு, சைவமானதும் உண்டு. கடைச் சீஸ் நிறைய சைவ ரென்னெட்டில் வருகிறது, ஆனால் துணி சுற்றி முதிரவைக்கிற பழைய முறைப் பண்ணைச் செடார்களில் சில கன்று ரென்னெட்டில்தான். கேட்டால் சமையலறையில் லேபிளைப் பார்த்துச் சொல்வார்கள், கூச்சப்பட வேண்டாம். ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சட்டப்படி சொல்ல வேண்டிய 14 பொருட்களில் பால், கோதுமை, கடுகு, செலரி, முட்டை என்று பாதிக்கு மேல் இந்த ஒரே தட்டில் இருக்கலாம்.

ஏமாந்தீர்களா இல்லையா என்பதை நீங்களே பார்த்துச் சொல்ல ஒரு வழி. மெனுவில் வெறும் ‘செடார்’ என்றில்லாமல் எந்தப் பண்ணை, எந்த ஊர் என்று போட்டிருந்தால் நல்ல அறிகுறி. சீஸ் கட்டியாக வர வேண்டும், ஏடு ஏடாகச் சீவியது என்றால் எடையை ஒளிக்கிறார்கள். எங்கள் கணக்கு தட்டுக்கு 120 கிராம், அதற்குக் குறைந்தால் நானே சங்கடப்படுவேன். ரொட்டி மேலோடு கடிக்கும்போது நொறுங்க வேண்டும். இலைதழை மலை மாதிரி குவிந்திருந்தால் அதன் அடியில் எது இல்லை என்று தேடுங்கள். நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பார்த்தால் சீஸ் தாராளமாகத்தான் இருக்கிறது, ரொட்டிதான் சரியில்லை, வெள்ளையாக உப்பிய பன் மாதிரி தெரிகிறது. என் தீர்ப்பு: ரொட்டியில் ஏமாந்தீர்கள், சீஸில் இல்லை.

அடுத்த தடவை மூவருக்கு மூன்று சொல்லாதீர்கள். இரண்டு தட்டும் கூடுதலாக ரொட்டியும் போதும். மீந்த சீஸை விட்டுவிட்டு வராதீர்கள், டப்பா கேட்டால் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு எண்ணெய்த் தாளில் சுற்றி வையுங்கள். மறுநாள் காலை ரொட்டியில் துருவிப்போட்டு, அந்தக் கறுப்பு ஊறுகாய் ஒரு கரண்டி விட்டு, கிரில்லில் குமிழி வரும்வரை காட்டி அப்பாவுக்குக் கொடுங்கள். அடுப்பு பற்றவைத்த மாதிரியும் இருக்கும்.